ரதவீதிக் கடைக்கார அண்ணாச்சிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களே,

நம்ம ஊருக்குள் இருக்கிற யாரும் "திருநெல்வேலிக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்வதில்லை. அதை மானூர்க்காரரும் முக்கூடல்காரரும் சொல்வார்கள். நமக்கு ஊர் மூன்று துண்டு: பாளை என்கிற பாளையங்கோட்டை, ஜங்ஷன், டவுன். இதில் டவுன் என்றால் நீங்கள்தான். நெல்லையப்பர் கோயில், அதைச் சுற்றி நாலு ரதவீதி, அதிலிருந்து பிரிகிற சந்துகள், அந்தச் சந்துகளில் உங்கள் பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, நாட்டு மருந்துக்கடை, வளையல் கடை, பலசரக்குக் கடை. நான் அந்தச் சந்துகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு பாளைப் பக்கம் பெருமாள்புரத்துக்குக் குடிபோனவன். நடுவில் இருப்பது எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நான் டவுனுக்கு வந்து போவதை இப்போது ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், வருஷத்துக்கு.

"முன்ன மாதிரி பாளைக்காரங்க யாரும் வாறதில்லை" என்று நீங்கள் சொல்வது என் காதுக்கும் வருகிறது. வராதவர்களில் நானும் ஒருவன். ஏன் வருவதில்லை என்று எங்களில் யாரும் உங்களிடம் நேராகச் சொன்னதில்லை, பேசாமல் வருவதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். அது சரியில்லை என்று தோன்றியது. அதனால் இது.

போன வருஷம் நடந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். குத்துவிளக்கு வாங்க வேண்டும், அதை டவுனில்தான் வாங்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டுவலி. காரில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆர்ச் தாண்டி கீழ ரதவீதிக்குள் நுழைந்ததிலிருந்து வண்டி போட இடம் தேடினோம், தேடினோம், தெற்கு, மேற்கு, வடக்கு, திரும்பக் கிழக்கு. இரண்டாவது சுற்று முடியும்போது பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டாள்: "ஏல, கோயிலுக்குள்ள போகாமலே ரெண்டு சுத்து சுத்தியாச்சு, இதுக்குப் புண்ணியம் உண்டாலே?" கடைசியில் ஒரு கடை வாசலில் கொஞ்சம் இடம் இருந்தது. இருந்தது என்றால், ரெண்டு பிளாஸ்டிக் வாளியில் மண்ணை நிரப்பி நடுவில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒட்டி நிறுத்தினேன், ஒரு நிமிஷம் ஆகவில்லை, உள்ளேயிருந்து குரல்: "அண்ணாச்சி, வண்டிய எடுங்க, யாவாரம் கெடுது." அம்மாவை அங்கேயே இறக்கிவிட்டு, நிற்கச் சொல்லிவிட்டு, வண்டியை எங்கேயோ போய்ப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்து வர அரை மணி நேரம். அம்மா நின்றுகொண்டே இருந்தாள். உட்கார ஒரு திண்டு இல்லை. நான் வந்ததும் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. "ஒதுங்கணும்லே, எங்க போக?" என்றாள். பக்கத்துக் கடையில் கேட்டேன், கோயில் பக்கம் கைகாட்டினார்கள், அவ்வளவு தூரம் அவளால் நடக்க முடியாது. விளக்கு வாங்காமல் திரும்பிவிட்டோம். அடுத்த நாள் வண்ணார்பேட்டையில், லிப்டும் கழிப்பறையும் இருக்கிற ஒரு கடையில், இருபது நிமிஷத்தில் வாங்கியாயிற்று. விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாதான் இன்னும் "டவுன் பித்தளை மாதிரி கனமில்லை" என்கிறாள்.

அந்த வாளியை வைத்தவர் யார் என்று சொல்லப்போவதில்லை. சொல்லிப் பிரயோஜனமும் இல்லை, ஏனென்றால் வாளி, கயிறு, பழைய டயர், "நோ பார்க்கிங்" தகரம் என்று ஏதோ ஒன்று இல்லாத கடை வாசலை அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை.

இப்படியெல்லாம் எழுதுகிறவன் டவுனைப் பிடிக்காதவன் என்று நினைத்துவிடாதீர்கள். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாயங்காலம் ஒரே நிகழ்ச்சிதான், வெளியே இறங்கி ரதவீதியைச் சுற்றுவது. பாளையிலிருந்து சித்தி பிள்ளைகள் வருவார்கள். பஸ் ஜங்ஷன் தாண்டி ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது ஜன்னல் சீட்டுக்கு அடிதடி நடக்குமாம். 1973-ல் கட்டிய பாலம் அது, மேலே பஸ், கீழ் அடுக்கில் சைக்கிள், அதற்கும் கீழே ரயில். அந்த வயதில் அதைவிடப் பெரிய வேடிக்கை என்ன வேண்டும். டவுனில் இறங்கியதும் முதலில் கோயில். சங்கிலி மண்டபம் வழியாகச் சாமி சன்னதியிலிருந்து அம்மன் சன்னதிக்கு ஓடுவோம், ஆச்சி பின்னாலேயே கத்திக்கொண்டு வருவாள். யானை காந்திமதிக்கு ஒரு வாழைப்பழம். அப்புறம் வெளியே வந்தால் இருட்டுக்கடையில் கூட்டம், கையில் இலையோடு நின்றபடியே சுடச்சுட நூறு கிராம் அல்வா, அது உள்ளே போனதும் ஆச்சி வாங்கித் தரும் மிக்சர், தித்திப்பு மேல் காரம் விழணும் என்று அவளுக்கு ஒரு சட்டம். அதன் பிறகு ஒரு வேலையும் கிடையாது. சும்மா நடப்போம். வாகையடி முக்கில் யாராவது தெரிந்தவர் நிற்பார், அரை மணி நேரம் போகும். ரத்னா தியேட்டரில் என்ன படம் என்று போஸ்டரைப் பார்த்துவிட்டு வருவோம். எதுவும் வாங்காமல் வீடு திரும்பிய நாள்தான் அதிகம். ஆனால் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்க வேறு எங்கேயாவது போகலாம் என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. வெட்டியாகச் சுற்றின அந்த நாட்கள்தான் உங்களுக்கு வாடிக்கையாளர்களைச் சம்பாதித்துக் கொடுத்தன என்பது இப்போது புரிகிறது.

இன்றைக்கு என் மகளிடம் "டவுனுக்குப் போவோமா" என்று கேட்டால், "டவுனா? அங்க என்னப்பா இருக்கு?" என்கிறாள். எரிச்சலோடு கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாள். அவளுக்குப் பதினாலு வயது. தேரோட்ட நாளை விட்டால், அவள் டவுனுக்கு வந்த நினைவெல்லாம் காரின் பின் சீட்டில் ஏசியில் உட்கார்ந்து ஹாரன் சத்தம் கேட்டதுதான். தேரோட்டம் தவிர, கடைசியாகக் குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தது 2025 ஜனவரியில், காந்திமதி இறந்துபோனபோது. அன்றைக்கு எத்தனை பழைய முகங்களைப் பார்த்தேன், மகாராஜநகர், தியாகராஜநகர், என்ஜிஓ காலனி என்று எங்கெங்கோ போனவர்கள். யானை செத்தால்தான் டவுனுக்கு வருவோம் என்று ஆகிவிட்டதே என்று ஒருவர் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

எல்லாப் பழியும் உங்கள் தலையில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2003-ல் புது பஸ் நிலையம் வேய்ந்தான்குளத்துக்குப் போனதிலிருந்தே ஊரின் மூக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது. வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் முதலில் பார்ப்பது டவுனை இல்லை. அப்புறம் 2018-ல் ஜங்ஷன் பஸ் நிலையத்தை இடித்தார்கள், ஸ்மார்ட் சிட்டி என்று. வருஷக்கணக்கில் அது தகர வேலிக்குள் கிடந்தது. ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் மாறுகிற பழக்கம், சின்ன விஷயம் போலத் தெரியும், அதுதான் பாளையையும் டவுனையும் சேர்த்துத் தைத்திருந்த நூல். பஸ் எங்கே நிற்கும் என்றே தெரியாத அந்த வருஷங்களில் அந்த நூல் அறுந்தது. நடுவில் கொரோனா. 2023 டிசம்பர் வெள்ளம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பேர் டவுனுக்கு வராமலே காலம் தள்ளலாம் என்று கற்றுக்கொண்டார்கள். பழக்கம் ஒன்று விட்டுப்போனால் திரும்ப வருவது கஷ்டம், உங்களுக்குத் தெரியாததா.

எங்கள் சோம்பலும் உண்டு. போனில் விரலை அழுத்தினால் சட்டை வீட்டு வாசலுக்கு வருகிறது. அல்வாவும் வருகிறது, ஆறிப்போய். பாளையில் எல்லோரும் கார் வாங்கிவிட்டோம், கார் வாங்கியவனுக்குக் கடை வாசலிலேயே கதவைத் திறந்து இறங்க வேண்டும் என்ற ஆசை தானாக வந்துவிடுகிறது. 1924-ல் டவுனில் தொடங்கிய ஆரெம்கேவியே ஆற்றுக்கு இந்தப் பக்கம் வண்ணார்பேட்டையில் பெரிய கடை வைத்திருக்கிறது என்றால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அவர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்.

ஒரு காலத்தில் ஆற்றைக் கடந்து டவுன் பக்கம் போவதே பெரும்பாடாக இருந்ததாம். படகுக்குக் காத்துக்கிடக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற பெரிய உத்தியோகத்தில் இருந்த சுலோசன முதலியார் கைக்காசைப் போட்டுத் தாமிரபரணியில் பாலம் கட்ட வைத்தார், 1843-ல் திறந்தார்கள். இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள்தான் அதில் ஏறுவதில்லை.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் உங்களுக்குக் கோபம் வரும்.

டவுன் வியாபாரம் பற்றிப் பேச்சு எடுத்தாலே உங்கள் பக்கமிருந்து வருகிற முதல் வார்த்தை பார்க்கிங். வண்டி போட இடம் கொடு, ஜனம் தானா வரும். நானும் அந்த அரை மணி நேரத்தை அனுபவித்தவன்தான், ஆனாலும் இதை நம்பவில்லை. நாலு ரதவீதியும் தேர் ஓடுவதற்காகப் போட்ட வீதி. அதில் எத்தனை கார் நிற்க முடியும்? வீதி முழுக்க காரை நிறுத்தினாலும் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போதாது. பைபாஸ் ஓரத்துக் கடைகளோடு பார்க்கிங்கில் போட்டி போட்டால் நீங்கள் என்றைக்கும் தோற்பீர்கள், அவர்களிடம் காலி மனை இருக்கிறது, உங்களிடம் இல்லை. அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று உங்களிடம் இருக்கிறது. நடந்தே சுற்றி வரக்கூடிய நாலு வீதி, நடுவில் ஒரு கோயில். அதைத்தான் வாளி வைத்து அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

ஒரு வேலை செய்து பாருங்கள். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவைப் பையனிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே வந்து, உங்கள் கடைக்கு முன்னால் நிற்கிற பைக்குகளை எண்ணுங்கள். அதில் உங்களுடையது எது, கடைப் பையன்களுடையது எத்தனை, பக்கத்துக் கடைக்காரருடையது எத்தனை, காலையிலிருந்து அசையாமல் நிற்பது எத்தனை என்று பாருங்கள். வாடிக்கையாளர் வண்டி என்று மிச்சம் எத்தனை வருகிறதோ, அதை யாருக்கும் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். அப்புறம் கடைக்குள் நிற்கிறவர்களில் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்தவர்கள் யார் என்று கேளுங்கள். பேட்டையிலிருந்தும் மானூரிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் மஞ்சப்பையோடு வந்து, பேரம் பேசி, நிஜமாகவே சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான். உங்களை இன்றைக்கும் பிழைக்க வைத்திருப்பது அவர்கள், அவர்கள் யாரும் பார்க்கிங் கேட்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்க நிழல், குடிக்கத் தண்ணீர், பொம்பளைகளுக்குக் கழிப்பறை, நடக்கும்போது முழங்கையில் ஹேண்டில்பார் இடிக்காத ஒரு ஓரம், இதுதான் அவர்கள் கேட்பது, அதுவும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

கழிப்பறையை நான் சும்மா சொல்லவில்லை. என் மனைவி, அக்கா, மைனி எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், டவுனுக்கு ஏன் வருவதில்லை என்று. டிராபிக் என்று ஆரம்பித்து, கூட்டம் என்று சுற்றி, எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றார்கள். டவுனுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் காலையிலிருந்து தண்ணி குடிக்கக் கூடாது என்று மைனி சொன்னாள். சேலை எடுக்கப் போகிற பொம்பளை நாலு மணி நேரம் எடுப்பாள், அவளுக்கு நாலு மணி நேரம் தாங்காத வீதியில் அவள் சேலை எடுக்க மாட்டாள். இந்தக் கணக்கு வண்ணார்பேட்டைக்காரர்களுக்குப் புரிந்திருக்கிறது. ரதவீதிக் கடை முதலாளிகள் கூட்டம் போட்டால் இந்தப் பேச்சு வருமா? நீங்கள் எல்லோரும் ஆம்பிளைகள், கடைக்குப் பின்னால் உங்களுக்கு ஒரு வழி இருக்கும்.

டவுன் எப்படி இருக்க முடியும் என்பதற்கு நான் வெளிநாட்டுப் படமெல்லாம் காட்டப்போவதில்லை. நீங்களே வருஷத்துக்கு ஒரு நாள் அதைச் செய்து காட்டுகிறீர்கள். ஆனித் தேரோட்டம். அதற்குச் சில நாள் முன்னாலேயே வீதியில் நீட்டிக்கொண்டிருக்கிற தகரம், பந்தல், போர்டு எல்லாம் கழன்றுவிடும். குறுக்கே போகிற வயரை இறக்குவார்கள். அன்றைக்கு ரதவீதியில் ஒரு பைக் கிடையாது. வாளியும் கயிறும் எங்கே போகுமோ தெரியாது, போய்விடும். ஏனென்றால் தேர் வருகிறது, தேருக்கு வழி விட மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் துணிவு கிடையாது. அன்றைக்குப் பாருங்கள் கூட்டத்தை. பெருமாள்புரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறோம். அம்மா முட்டுவலியோடு வருகிறாள். மகளும் வருகிறாள், வடம் பிடித்ததைப் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்புகிறாள். பிள்ளைகள் தோளில், ஆச்சிமார் கடைப்படியில், மோர்ப் பந்தலில் உங்கள் கையால்தான் மோர். ஆமாம், அன்றைக்குப் படியில் உட்கார்ந்தால் நீங்கள் எழுந்திருக்கச் சொல்வதில்லை! அன்றைக்கு யாருமே பார்க்கிங் இல்லை என்று புலம்புவதும் இல்லை, எங்கேயோ ஜங்ஷன் பக்கமோ குறுக்குத்துறைப் பக்கமோ போட்டுவிட்டு நடந்தே வந்துவிடுகிறோம், வந்தது தூரமாகவே தெரிவதில்லை.

சக்கரத்துக்கு அடியில் போடுகிற ஒரு சறுக்குக்கட்டைக்கு அந்தப் பெரிய தேரே வளைந்து திரும்புகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்திலிருந்து பத்து வரை, தேர் ஓடாமலே அந்த நாலு வீதியையும் அதே மாதிரி விட்டுப் பார்க்க முடியாதா? நான் கேட்பது இவ்வளவுதான். மாநகராட்சியிடம் மனு கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் நீங்கள் எதிர்த்து நின்றால் எந்த அதிகாரியாலும் இது நடக்காது, நீங்களே போய் வேண்டும் என்று கேட்டால் அவர்கள் தட்டிக்கழிப்பதும் கஷ்டம். அதனால்தான் அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுவீர்கள். மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. கோயிலுக்குப் போகிற சாக்கில் அங்கே போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள், எத்தனை உள்ளூர்க் குடும்பம் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறது என்று. புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் தினமும் சாயங்காலமானால் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கிக் கொடுத்தார்கள். இதெல்லாம் அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை. நம்ம வீதி வேறு, நம்ம வெயில் வேறு. மண்டிக்குச் சரக்கு வருகிற நேரம் வேறு. லோடு வண்டிகளை ராத்திரி பத்துக்கு மேலும் விடியற்காலையிலும் விடலாம், தேரோட்ட வாரத்தில் அப்படித்தானே சமாளிக்கிறீர்கள். வயசானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் ஆர்ச்சிலிருந்து ரெண்டு மூணு ஆட்டோ உள்ளே போய் வரலாம். உள்ளே குடியிருக்கிறவர்களுக்கு வழி வேண்டும், உண்மைதான், அது கொஞ்சம் சிக்கல், உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பேச்சை எடுத்தாலே உங்களில் சிலர் நடைபாதை வியாபாரிகளைக் கைகாட்டுவீர்கள், அவர்களைத் துரத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூக்காரம்மாவையும் பனங்கிழங்கு விற்கிறவரையும் பார்க்கத்தான் நாங்கள் நடக்கிறோம். அவர்கள் கூடைக்கு வேண்டியது ரெண்டடி. உங்கள் கடை பொம்மைக்கு, அந்தச் சேலை கட்டி நிற்கிற பொம்மைக்கு, வாசலில் எத்தனை அடி கொடுத்திருக்கிறீர்கள் என்று முதலில் அளந்து பாருங்கள்.

கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். எங்கள் அப்பா உயிரோடு இருந்தால் "அண்ணாச்சிமாரிடம் இப்படியா பேசுவது" என்று ஏசியிருப்பார், அவருக்குத் தெரிந்த கடைகளில் அவர் பெயரில் நோட்டில் கணக்கு இருந்தது, மாசக் கடைசியில் தீர்ப்பார். அந்த உரிமையில் எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறொன்றும் வேண்டாம், ஒரே ஒரு சனிக்கிழமை. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வைத்தால் நல்லது. வாளியை உள்ளே எடுத்து வையுங்கள், உங்கள் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், படியில் ஆச்சிமார் உட்கார விடுங்கள், கடைக் கழிப்பறைச் சாவியைக் கேட்கிற பொம்பளைக்கு முகம் சுளிக்காமல் கொடுங்கள். நாளைக் குறித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பாளை பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். அந்த விளக்குக்கு ஜோடியாக இன்னொன்று வாங்க வேண்டும், கனமான பித்தளையில் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
டவுனில் பிறந்து பெருமாள்புரத்தில் இருக்கிற ஒருவன்